ஐந்நூற்று நாற்பத்தாறு தோல்விகள்

கருவண்டு என்று ஒரு மல்லன் இருந்தான். நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தெரியும் என்பார்கள். தெரியும் என்று சொன்ன கையோடு திட்டவும் செய்வார்கள்.

பதினோரு வருடம், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒளிபரப்பு வாரியத்தின் ஒரே அலைவரிசையில் வாராந்திர மல்யுத்தம் வரும். கறுப்பு முகமூடி போட்ட கருவண்டு முதலில் கோதாவுக்குள் குதிப்பான். நடுவரின் காலைத் தட்டிவிடுவான், முன்வரிசைக் கிழவியைப் பார்த்து நாக்கைத் துருத்துவான். பிறகு நீல அங்கியில் இடிமுழக்கம் வருவார். பத்து நிமிடம் அடி வாங்குவார். பதினோராவது நிமிடம் கருவண்டைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அறைவார். பலகைகளுக்கு அடியில் ஒலிவாங்கி வைத்திருந்ததால் சத்தம் நாலு தெரு கேட்கும். “நீதி வென்றது!” என்று அறிவிப்பாளர் கத்துவார். அடுத்தது செய்திகள்.

முகமூடிக்குள் இருந்தவர் அதிர்ந்து பேசாத ஆசாமி. படப்பிடிப்பு புதன்கிழமையே முடிந்துவிடும் என்பதால், சனிக்கிழமை அவரும் அக்கம்பக்கத்தாரோடு கூடத்தில் உட்கார்ந்து, தான் அடி வாங்குவதைப் பார்ப்பார். “கொல்லுடா அவனை!” என்று பக்கத்து வீட்டு வாத்தியார் இவர் தொடையிலேயே தட்டுவார். மாமியார் தாடையில் கையை வைத்துக்கொண்டு, “இந்தச் சனியனோட பொண்டாட்டி எப்படித்தான் இவன்கூடக் குடித்தனம் பண்றாளோ!” என்பார். அந்தப் பொண்டாட்டி ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருப்பாள்.

யாரிடமும் சொல்ல முடியாது. வாரியம் எழுதி வாங்கியிருந்தது. தான்தான் கருவண்டு என்று சொல்லக் கூடாது. யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானது என்று சொல்லக் கூடாது. இடிமுழக்கத்தோடு ஒரே பேருந்தில்கூடப் போகக் கூடாது. ஆனால் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். இவர் அவரை ‘இடி’ என்பார், அவர் இவரை ‘வண்டு’ என்பார்.

இருநூற்று மூன்றாவது வாரம், இடி தலைக்குமேல் தூக்கிய வண்டு முதுகில் விழாமல் கழுத்தில் விழுந்தார். கை நழுவிவிட்டது என்றார் இடி. அழுதார். வாரிய மருத்துவர் வந்து பார்த்துத் தைலம் ஒரு புட்டி கொடுத்தார். அடுத்த வாரமும் கருவண்டு தோற்க வேண்டியிருந்ததால் அடுத்த வாரமும் போனார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். அவனுடைய திமிரைப் பாருங்கள் என்றார் அறிவிப்பாளர்.

அதெல்லாம் முடிந்து முப்பது வருடம் ஆகிறது. பிறகு அவர் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றார். இந்த வருடம் மழைக்காலத்தில் இடது கை மரத்தது. அடுத்து வலது கை. டம்ளர் நிற்கவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கழுத்துல பழைய முறிவு ஒண்ணு இருக்கு. சரியாச் சேரலை. நரம்பை நெரிக்குது. எங்க விழுந்தீங்க?”

“வேலையில, டாக்டர்.”

“எட்டு வாரம் டைம் இருக்கு. அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா கை ரெண்டும் போயிடும். அப்புறம் கால். அப்புறம் மூச்சு விடறதுக்கே மெஷின் வேணும்.”

அந்த அறுவையைச் செய்யும் வசதி ஒளிபரப்பு வாரியத்தின் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. வெளியாட்களுக்கு இரண்டு வருடம் காத்திருப்பு. வாரியத்தின் வேலையில் அடிபட்டவர்களுக்கு அந்த வாரமே படுக்கை. வேலையில்தான் அடிபட்டது என்று வாரியம் ஒரு கடிதம் தர வேண்டும், அவ்வளவுதான்.

“ஒரு கடிதாசுதானே,” என்றாள் மனைவி. அவளும் பதினோரு வருடம் முகமூடி தைத்தவள். வாரியத்தைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

வாரியம் அப்போது விழாக்கோலத்தில் இருந்தது. ‘திரும்பிப் பார்ப்போம்’ என்ற பெயரில் பழைய மல்யுத்தத்தை மறுபடி கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மரபு நினைவுப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் திறந்து, சுவர் முழுக்க இடிமுழக்கத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். தூக்கிய கைகளுக்கு மேலே கருவண்டின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களுக்குக் கீழே வரிசையில் நின்று, இரண்டு மணி நேரத்தில் ஜன்னலை அடைந்தார்.

“நான்தாம்மா கருவண்டு,” என்றார். நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னார்.

எழுத்தர் அம்மாள் அவரையும் கோப்பிலிருந்த படத்தையும் பார்த்தார். “இதுல முகமே தெரியலையே.”

“முகமூடி போட்டிருந்தேன்.”

“அப்ப போட்டுக்கிட்டு வாங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்ல?”

மனைவி அன்றைக்கே ஒரு கறுப்புக் குடைத் துணியை வெட்டித் தைத்தாள். மறுநாள் முகமூடியோடு போனவரை வாசல் காவலர்கள் பிடித்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். காவலாளியின் கஷ்டம் தெரிந்தவர் என்பதால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வந்து நின்றார்.

“இப்ப படத்தோட ஒத்துப் போகுது. ஆனா உங்க அடையாள அட்டையோட ஒத்துப் போகலை.”

“கழட்டிடட்டுமா?”

“கழட்டினா படத்தோட ஒத்துப் போகாதே.”

அந்த அம்மாள் கெட்டவரல்ல. நாலு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். முகமூடியை மூக்குவரை தூக்கிவிடச் சொல்லிப் படம் எடுத்து, அடியில் ‘மேற்பாதி கருவண்டு, கீழ்ப்பாதி விண்ணப்பதாரர்’ என்று எழுதி முத்திரை குத்தினார். அதற்குள் ஒரு வாரம் போயிருந்தது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

படம் ஒட்டிய விண்ணப்பம் நாடகப் பிரிவுக்குப் போனது. அங்கே இருந்த இயக்குநர் இரண்டு கையையும் விரித்தார்.

“பெரியவரே, நாடகத்துல ஒருத்தன் செத்தா நிஜமாவா சாவான்? விழறது நடிப்பு. நீங்க நிஜமா விழுந்துட்டேன்னு சொல்றீங்க. அப்படின்னா நீங்க நடிக்கலைன்னு அர்த்தம். நடிக்கத்தானே உங்களை வேலைக்கு வச்சோம்? இதை நான் மேல எழுதினா உங்க மேலதான் நடவடிக்கை வரும். உங்க நல்லதுக்குச் சொல்றேன், இது விளையாட்டு. அங்க போங்க.”

விளையாட்டுப் பிரிவில் இரண்டாவது வாரம் போனது. அந்த இயக்குநர் புள்ளிவிவரப் பிரியர். பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

“ஐந்நூத்தி நாப்பத்தாறு போட்டி. ஐந்நூத்தி நாப்பத்தாறு தோல்வி. ஒண்ணுகூட ஜெயிக்கலையா?”

“ஜெயிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க சார்.”

இயக்குநர் பதறிப்போய் எழுந்து கதவைச் சாத்தினார். “இப்படியெல்லாம் பேசாதீங்க. வாரியத்தோட விளையாட்டு நேர்மையானது. நேர்மையா ஐந்நூத்தி நாப்பத்தாறு தடவை தோத்திருக்கீங்க. அவ்வளவு மோசமான ஆட்டக்காரருக்கு அடிபடறது இயற்கை, அதுக்கு வாரியம் பொறுப்பாகாது. இல்லை, முன்னாடியே முடிவு பண்ணினதுன்னு சொன்னா அது நாடகம். அங்கதான் போகணும்.”

“அங்கேர்ந்துதான் சார் வரேன்.” அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்கிறோமா என்பது விரல்களுக்குத் தெரியவில்லை. “அப்ப நான் எங்கதான் சார் விழுந்தேன்?”

“நல்ல கேள்வி,” என்று அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டார் இயக்குநர். அந்தக் கேள்விக்கு விடை காண ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

குழு கூடுவதற்குள் நாலாவது வாரம் முடிந்துவிட்டது. ஒருநாள் குளியலறையில் கால் மடங்கி விழுந்தார். மனைவி ஓடிவந்து தூக்கும்போது, அவர் தரையில் கிடந்தபடியே கேட்டார்: “சத்தம் கேட்டுச்சா?” அவள் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள். அன்றிலிருந்து வாரியத்துக்கு அவளும் கூட வந்தாள்.

குழுத் தலைவர் அந்தக் காலத்தில் மல்யுத்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். நிகழ்ச்சி நின்ற பிறகு அவர் மட்டும் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தார். வண்டுவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கட்டிக்கொண்டார்.

“நம்ம குடும்பம்யா இது! உங்களுக்கு இல்லாத கடிதமா? அந்த வாரத்து ஒளிநாடாவைப் போட்டுப் பாத்தா முடிஞ்சுது.”

நாடா வந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். திரையில் கோதா வரவில்லை. ஒரு வழுக்கைத் தலை வந்து, பழைய ஒளிநாடாக்களைப் பத்திரமாகப் பாதுகாப்பதன் அவசியம் குறித்துப் பேசத் தொடங்கியது. அப்போதைய தலைமை இயக்குநரின் உரை. அன்று வெற்று நாடா கைவசம் இல்லாததால் மல்யுத்தத்தின் மேலேயே பதிவு செய்திருந்தார்கள். ஐம்பது நிமிட உரை. மரியாதை கருதிக் குழு முழுவதையும் பார்த்தது. கடைசியில் கைதட்டவும் செய்தது.

“அப்ப சாட்சி வேணும்,” என்றார் தலைவர். “இடிமுழக்கம் ஐயா ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்.”

இடியின் வீட்டில் கதவைத் திறந்தது அவரேதான். உடம்பு வற்றி, தோள் மட்டும் பழைய அகலத்தில் இருந்தது. அடுத்த வாரம் அவருடைய ஆளுயரப் படத்தை வாரியத்தின் முகப்பில் திறக்கப் போகிறார்கள். ‘ஒருநாளும் தவறாத கரங்கள்’ என்று அதற்குக் கீழே பொறிக்கப் போகிறார்கள். அந்த அழைப்பிதழ் மேசை மேல் இருந்தது.

“வா வண்டு,” என்றவர் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி நேராக விஷயத்துக்கு வந்தாள். “அண்ணே, இவரால ஒரு டம்ளரைப் பிடிக்க முடியலை. அன்னைக்குக் கை நழுவிடுச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க. இவரும் நினைக்கலை.”

இடி அழைப்பிதழைத் திருப்பி வைத்தார். மறுபடி நேராக வைத்தார்.

“நழுவிச்சுன்னு என்னால எழுத முடியாதும்மா.”

“ஏன்?”

“முடியாது.”

“படம் திறக்கணும், அதானே? நல்லாத் திறங்க,” என்று அவள் எழுந்தாள். வண்டு மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்துகொள்ள இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடிதான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

சாட்சி கிடைக்காத நிலையில், ஆறாவது வார இறுதியில் குழுவிடமிருந்து ஓலை வந்தது. மேற்படி வீழ்ச்சியை அதே கோதாவில், அதே நபர்களைக் கொண்டு, மறுநிகழ்த்தல் செய்து பார்க்கக் குழு தீர்மானித்திருப்பதாகவும், அதில் விண்ணப்பதாரரின் கழுத்துக்குக் காயம் ஏற்படுமாயின் விண்ணப்பம் ஏற்கப்படும் என்றும், ஏற்படாவிடில் நிராகரிக்கப்படும் என்றும், விழாவை முன்னிட்டு இது நேரலையில் ஒளிபரப்பாகும் என்றும் அதில் இருந்தது.

மனைவி அந்தத் தாளோடு நேரே குழு அறைக்குள் நுழைந்தாள். “உடைஞ்ச கழுத்தை இன்னொரு தடவை உடைச்சுக் காட்டணுமா?”

“உடையணும்னு கட்டாயம் இல்லைம்மா,” என்றார் குழுவின் மருத்துவ உறுப்பினர் ஆதரவாக. “உடைஞ்சா உங்களுக்குச் சௌகரியம்.”

“இவரு செத்துட்டா?”

“வாரிசுக்கு வேற படிவம் இருக்கு.”

வீட்டுக்கு வந்து அவள் தாளைக் கிழிக்கப் போனாள். வண்டு தடுத்தார். கை எழவில்லை, வாயால்தான் தடுத்தார்.

“நான் போறேன்.”

“பைத்தியமா உங்களுக்கு?”

“இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அப்புறம் நீ எனக்குச் சோறு ஊட்டணும். அதுக்கப்புறம் அதுவும் முடியாது. வேற வழி இருந்தா சொல்லு, போகலை.”

அவள் வெகுநேரம் யோசித்தாள். வேறு வழி இல்லை. கழுத்துப் பக்கம் பஞ்சு வைத்துப் புது முகமூடி தைத்தாள். தைக்கும்போது ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது.

அன்று கூடம் நிறைந்திருந்தது. வாரிய ஊழியர்களுக்குக் கட்டாய உற்சாகம் என்று சுற்றறிக்கை போயிருந்தது. எழுத்தர் அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வண்டுவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கோதாவில் ஏற்றி, கயிற்றில் சாய்த்து நிறுத்தினார்கள். கூட்டம் ஓவென்று கூச்சலிட்டுத் திட்டியது. நீல அங்கியில் இடி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

இடி அவரைத் தூக்கவில்லை. நடுவரின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார்.

“இருநூத்தி மூணாவது வாரம் என் கை நழுவலை,” என்றார். “நான் வேணும்னே போட்டேன். ஜனங்க பாக்கறது குறைஞ்சுடுச்சு, இந்த வாரம் அவன் நிஜமா விழணும்னு தயாரிப்பாளர் சொன்னார். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லைன்னார். அந்தத் தயாரிப்பாளர் அதோ நடுவுல உக்காந்திருக்கார். வண்டு, முப்பத்தேழு வருஷமா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்டா.”

நழுவிய கையை வண்டு என்றைக்கோ மன்னித்திருந்தார். நழுவாத கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

குழுத் தலைவர் நிதானமாக எழுந்தார். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

“அற்புதம்! அந்தக் கால வசனம் மாதிரியே இருக்கு. கோதாவுக்குள்ள பேசறது எல்லாமே நிகழ்ச்சியோட பகுதி. அதனால இதைச் சாட்சியமா எடுத்துக்க விதியில இடம் இல்லை. கைதட்டுங்க!”

சுற்றறிக்கை இருந்ததால் கைதட்டினார்கள். “தூக்குங்க ஐயா,” என்றார் தலைவர்.

இடி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். பிறகு தானே மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கோதாவின் நடுவில் மல்லாந்து படுத்துவிட்டார். “வாடா,” என்றார்.

வண்டு போக நினைக்கவில்லை. அவரை மிதிக்க வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. கயிற்றை விட்டு இரண்டு அடி வைத்தார். கால்கள் மடங்கின. அப்படியே இடியின் மார்பில் கவிழ்ந்தார். நடுவர் பழக்கதோஷத்தில் தரையைத் தட்டி எண்ணிவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மணி அடித்தது.

கருவண்டு ஜெயித்துவிட்டான்.

குழு அங்கேயே கூடி விவாதித்தது. தீர்ப்பு மறுநாள் எழுத்தில் வந்தது. வென்றவருக்குக் காயம் ஏற்பட்டதாக வாரியத்தின் வரலாற்றிலேயே பதிவு இல்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தோற்றவர் கோதாவில் விழுந்து கிடந்ததை நாடே பார்த்ததால், அவர் பணியின்போது காயமுற்றவராகக் கருதப்பட்டு, உடனடி அறுவை சிகிச்சைக்கு அனுமதிக்கப்படுகிறார்.

அந்தக் கடிதத்தோடு காலையிலேயே இடி வண்டுவின் வீட்டு வாசலில் நின்றார். தோள்கள் குலுங்கத் தொடங்கின.

“அழறதை அப்புறம் வச்சுக்கங்கண்ணே,” என்றாள் மனைவி. “அந்தக் கடிதாசை இப்படிக் கொடுங்க. அடையாள அட்டையையும் கொடுங்க.”

ஆஸ்பத்திரியில் இடியின் பெயரில் வண்டு போய்ச் சேர்ந்தார், யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு கிழவர்களுக்கும் தலை நரைத்திருந்தது, தோள் அகலமாக இருந்தது. கழுத்தில் முறிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பிய நடுவயது டாக்டர் ஆசையோடு கேட்டார்:

“சின்ன வயசுல உங்க நிகழ்ச்சியை ஒரு வாரம் விட்டதில்லை சார். இங்க ஒரு கேள்வி இருக்கு. காயத்துக்குக் காரணமானவர் யாரு?”

வண்டு மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

“கருவண்டு,” என்றார்.

“எனக்கு அப்பவே தெரியும் சார்,” என்று பல்லைக் கடித்தபடி எழுதிக்கொண்டார் டாக்டர்.

ஏழு மணி நேரம் அறுவை நடந்தது. மனைவி வெளியே பலகையில் உட்கார்ந்து, இன்னொருவருடைய மனைவியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாமதமாகத்தான் வந்தீர்கள், எல்லாம் திரும்பி வராது என்றார்கள். முகப்பில் ஆளுயரப் படத்தை அதன் சொந்தக்காரர் இல்லாமலே திறந்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கிறார்! நிஜமான இடி தன் வீட்டில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஓசை வராமல் நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நாள் டாக்டர், “விரலை மடக்குங்க சார்,” என்றார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைந்தன, மெதுவாக மடங்கின. மற்றவை அப்படியே கிடந்தன. இடது கை வராது என்பது உறுதியாகிவிட்டது. மனைவி அந்த இரண்டு விரல்களையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவருக்குச் சூடு தெரிந்தது.

அன்று சாயங்காலம் தாதி தொலைபேசியைக் கொண்டு வந்தாள். “சார், உங்களைப் பத்தி விசாரிக்க யாரோ கூப்பிடறாங்க. பேர் சொல்ல மாட்டேங்கறாங்க.”

மனைவி அதை வாங்கி அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

“நான் எப்படி இருக்கேன்?” என்றார் இடி.

“ரெண்டு விரல் மடங்குது உனக்கு. நடக்க நாளாகும். இடது கை போனது போனதுதான்.”

“வலிக்குதா?”

“வலிக்குது. உன் மேல இருக்கற கோவம் எனக்கு இன்னும் தீரலை.”

“எனக்கும்தான்டா,” என்றது அந்தக் குரல்.